நெவென்காவின் பனிக்கால டயர்கள்

முப்பத்தோரு வருடம் கோபரிட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிய நெவென்கா, ஓய்வு பெற்ற மறு மாதமே பழைய காரை விற்றுவிட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். ஏழு வருடப் பழசுதான். ஆனாலும் உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"அம்பது பிள்ளைங்க போட்ட கூச்சல்ல காது புளிச்சுப் போச்சு. இனிமே பக்கத்துல ஒரே ஒரு ஆள் போதும்," என்றாள், கேட்டவர்களிடம்.

அந்த ஒரு ஆள் அல்பினா. அவளோடு கூடவே பேருந்து ஓட்டியவள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோய், பேச்சும் ஒற்றைச் சொற்களாகச் சுருங்கி, பக்கத்து ஊரான டோல்மினில் முதியோர் இல்லத்தில் இருந்தாள். அந்தக் கோடை முழுக்க ஞாயிறுதோறும் நெவென்கா அவளைத் தூக்கி உட்காரவைத்து ஆற்றோரமாக ஓட்டிப் போனாள்.

அக்டோபரில் பக்கத்து வீட்டு டார்கோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "டிரைவரம்மா, வண்டியைப் போர்த்தி வெச்சுடுங்க. பின்சக்கரம் தள்ளுற வண்டி. பனியில சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஞாயிறு, "வசந்தம் வரைக்கும் பொறுத்துக்கடி," என்று அல்பினாவிடம் மெதுவாகச் சொன்னாள். அல்பினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மதியம் தட்டைத் தொடவே இல்லை என்று நர்ஸ் இர்மா போனில் சொன்னாள்.

மறுநாள் காலையே நெவென்கா சில்வோவின் டயர் கடையில் நின்றாள். சில்வோ அவள் பேருந்தில் பள்ளிக்குப் போய் வளர்ந்தவன். அகலமான டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

"இதைப் பாருங்கக்கா. இருநூத்தி நாப்பது வேகம் வரைக்கும் தாங்கும்."

"நான் எழுபதுக்கு மேல போகப்போறதில்லை. எது சீக்கிரம் நிக்கும்னு சொல்லு."

"இந்த வண்டிக்கு அகலம்தானே அழகு?"

"அகலமா இருந்தா பனிக்கூழ் மேல மிதக்கும்டா. ஒல்லியா இருந்தாத்தான் அதை அறுத்துட்டுப் போய்த் தரையைப் பிடிக்கும்."

"குதிரைக்கு ஆட்டுக்கால் வெச்ச மாதிரி இருக்குமேக்கா!"

"மலை ஏறுறது யாரு? ஆடுதானே?"

ஒல்லி டயருக்கு ஏற்ற சிறிய சக்கரம் ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார்கள். முன்னால் சரியாக உட்கார்ந்தது. பின்னால் பிரேக்கில் இடித்தது. நெவென்காவின் முகம் விழுந்துவிட்டது. முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று போட்டு ஓட்ட அவளுக்கு மனமில்லை. சில்வோ நாலைந்து கடைகளுக்குப் போன் போட்டான். கடைசியில் ஓர் அளவு பெரிய, ஆனால் ஒடுக்கமான சக்கரம் தலைநகர் லியூப்லியானாவில் கிடைத்தது. அதற்கேற்ற டயரில் பனிக்கால டயருக்கான, மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தாள், குளிரிலும் மெத்தென்றிருந்தது. பள்ளங்களுக்கு நடுவே இருந்த மெல்லிய கீறல்களை விரலால் தடவிவிட்டு, "இதையே போடு," என்றாள்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் பனி கொட்டியது. சனிக்கிழமை காலை கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்துக் காலியிடத்தில் தனியாக ஓட்டிப் பழகினாள். முதல் திருப்பத்திலேயே வண்டியின் பின்பக்கம் பிடி விட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. இறங்கி, பனியில் பதிந்த சக்கரத் தடத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி ஏறினாள். மதியத்துக்குள், பிடி எந்த இடத்தில் விடும், எப்படித் திரும்பவும் கிடைக்கும் என்று இடுப்புக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இர்மா வாசலிலேயே மறித்தாள். "இந்தப் பனியிலயா? முடியவே முடியாது. முதல்ல என்னை ஏத்திக்கிட்டு ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டிக் காட்டினாள். மேட்டுத் தெருவில் ஏறி, நடு ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பி, இறக்கத்தில் பொறுமையாக இறங்கி வந்தாள். இர்மா வெளிறிய முகத்தோடு, ஆனால் சிரித்துக்கொண்டே இறங்கினாள். "சரி. ரெண்டு கம்பளி போத்திவிடுங்க. நாலு மணிக்குள்ள வந்துடணும்."

அல்பினா கண்ணாடியில் மூக்கு உரசும்படி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊரைத் தாண்டியதும் ஒரு நிழல் வளைவில் வண்டி இலேசாகப் பக்கவாட்டில் நழுவியது.

"பிரேக்... தொடாதே!"

மழுங்கிய குரல்தான், ஆனாலும் அதட்டல். நெவென்கா காலை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கை நழுவிய பக்கமே கொஞ்சம் திருப்பினாள். டயர் தரையைப் பிடித்தது.

"தெரியும்டி! நானும் இதே ரோட்டுலதான் முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன்!" என்றாள். கண்ணில் நீர் முட்டியது. இரண்டு சொல்லைச் சேர்த்து அல்பினா பேசி எட்டு மாதமாகியிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் தவறவிட்டது இரண்டே ஞாயிறுகள். ஒருமுறை பாதையை அடைத்துவிட்டார்கள். இன்னொரு முறை நெவென்காவுக்குக் காய்ச்சல். மற்ற நாளெல்லாம் வளைவுக்கு வளைவு அல்பினா குறை சொல்லிக்கொண்டே வந்தாள். குறை சொல்லச் சொல்ல நாக்கு திரும்பியது. மார்ச் மாதம் இர்மாவே கதவருகில் நின்று கேட்கும்படி ஒரு முழு வாக்கியம் வந்தது:

"அடுத்த ஞாயிறு மலைப்பக்கம் போவெட்ஸுக்குப் போலாம், ஆனா கியரை ஒழுங்கா மாத்து."