அதீபாவின் ‘தெரியாது’

ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவளுக்கு வாய் ஓயாது. தண்ணீர் விழுகிறதா, கூட்டம் எப்படி, குளிக்க விடுகிறார்களா என்று நாலா ஊரிலிருந்தும் போன் அடித்துக்கொண்டே இருக்கும். வள்ளித்தாய் என்றாலே பொறுமை இல்லாதவள் என்று ஐந்தருவி ரோடு முழுக்க எனக்குப் பேர். ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் எடுத்த எடுப்பில், “அதீபா பக்கத்தைப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

அதீபா கடையநல்லூர்க்காரி. கம்ப்யூட்டர் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். கணவர் முகம்மது சலீம் சவூதியில், தம்மாமில், ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற கடையநல்லூர் ஆண்கள் செய்கிற முதல் காரியம் குடும்பத்தையே வேனில் ஏற்றிக்கொண்டு அருவிக்கு வருவதுதான். சலீமும் ஒரு வருடம் அப்படி வந்தார். அருவி வாசலில் கயிறு கட்டித் தடை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தலையில் தேய்த்த எண்ணெயோடு அழுதுகொண்டே திரும்பிப் போனார்கள். அடுத்த சீசனுக்குள் அதீபா ‘அருவி நிலவரம்’ என்று இணையத்தில் ஒரு பக்கத்தை ஆரம்பித்துவிட்டாள்.

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத பக்கம் அது. ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி என்று பெயர்கள் இருக்கும். பக்கத்தில் ‘குளிக்கலாம்’ என்று பச்சையிலோ ‘தடை’ என்று சிவப்பிலோ எழுதியிருக்கும். ஒவ்வோர் அருவியிலும் அவளுக்கு ஓர் ஆள் உண்டு. ஐந்தருவியில் பஜ்ஜிக் கடை பரமசிவன். கண்ணால் பார்த்த நேரத்தையும் பார்த்ததையும் எழுதி அவர் செய்தி அனுப்புவார். அதைப் படித்து அதீபா பக்கத்தில் ஏற்றுவாள். அந்தப் பள்ளத்தில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் செய்தி வந்து சேர்ந்த நேரம் அதீபாவுக்குக் கணக்கில்லை, கண்ணால் பார்த்த நேரம்தான் கணக்கு. அந்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த செய்தி வராவிட்டால், பக்கம் தானாகவே பச்சையை அழித்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் ‘தெரியாது’ என்று போட்டுவிடும்.

இந்தத் தெரியாதுதான் எங்கள் லாட்ஜ் சங்கத் தலைவர் தங்கசாமி அண்ணாச்சிக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஒரு வருடம் மாசி மாதக் கூட்டத்தில் அவர் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்.

“வாரவன் பக்கத்தைப் பாக்குதான். தெரியாதுன்னு இருக்கு. நேரா பாபநாசம் அருவிக்கு வண்டியத் திருப்புதான். ஊருக்கே கெட்ட பேருல்லா?” என்றார். “இதே மாதிரிப் பக்கம் நான் நடத்துதேன், ஆதரவு குடுங்கன்னு சென்னையில ஒரு கம்பெனிக்காரன் கேக்குதான். அவன் நடத்துனா தெரியாதுங்க வார்த்தையே வராதாம்.”

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எப்படி அண்ணாச்சி போடுவான்?” என்று நான் கேட்டேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருகிற சீசனில் ஒரு நாளாவது பக்கம் ஓடாமல் படுத்துவிட்டால் சங்கத்தின் ஆதரவு கம்பெனிக்கு. எந்த லாட்ஜிலும் அதீபா பக்கத்தின் பெயரைச் சொல்லக் கூடாது.

இதைச் சொல்ல நான் போன் போட்டபோது அதீபா, “இந்த வருஷம் பாத்தா இப்படிச் சொல்லணும்?” என்றாள். அவளுக்கு வேறொரு தலைவலி ஏற்கனவே வந்திருந்தது.

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். “சர்வர்ங்கிறது ஒரு கம்ப்யூட்டர்தான் அக்கா. மும்பையில எங்கேயோ கிடக்கு, வாடகைக்கு எடுத்திருக்கேன். எல்லாத்துக்கும் அடியில நின்னு அதை ஓட்டுதது ஓஎஸ். நம்மளது சென்டோஸ் ஏழு. அதுல ஓட்டை தெரிஞ்சா செஞ்சவங்களே அடைச்சு அனுப்புவாங்க. இந்த ஜூன் கடைசியோட அது நிக்கப் போவுது.”

“அடைக்காட்டா என்ன?”

“எவனாவது உள்ள வந்து, தடைன்னு இருக்கதைக் குளிக்கலாம்னு மாத்தி வச்சிட்டுப் போவான்.”

ஆக, சீசன் தொடங்கும் முன் வேறு ஓஎஸ்ஸுக்கு மாறியாக வேண்டும். மாறின இடத்தில் ஒரு நாள்கூடப் படுக்கவும் கூடாது.

அதீபா தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் விசாரித்தாள். கூடப் படித்த ஒருத்தி, எங்கு தேடினாலும் உதவி கிடைக்கும் என்று உபுண்டு என்கிற ஓஎஸ்ஸைச் சொன்னாள். இன்னொருத்தி எது வேகம் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். சலீமோ அல்மா லினக்ஸ் என்று ஒற்றைக்காலில் நின்றார். சென்டோஸ் பழகின கைக்கு அது சொந்த வீடு மாதிரி, தம்மாமிலிருந்தே நானே நிறுவி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதீபாவின் பழைய லேப்டாப்பில் இருந்ததோ டெபியன். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு அதை வேண்டுமென்றே கெடுப்பாள், திரும்ப எழுப்புவாள். இதென்ன பொழுதுபோக்கு என்று நான் கேலி பேசியிருக்கிறேன். டெபியன் பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் சரி செய்துகொண்டு, மற்றதை இருந்தபடி விட்டுவிடுமாம். என் லாட்ஜுக்கும் அப்படி ஒரு வாட்ச்மேன்தான் வேண்டும். கேட்டைப் பூட்டினால் போதும், கட்டிலை இடம் மாற்ற வேண்டாம்.

எல்லாரிடமும் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். “சீசன்ல பக்கம் நின்னு போச்சுன்னா, யாரையும் கூப்பிடாம நானே எழுப்பிர முடியுமா?” இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. கணவர் சொன்னதையும் அவள் தள்ளிவிடவில்லை. இரண்டு சின்ன சர்வர்களை வாடகைக்கு எடுத்தாள். ஒன்றில் சலீம் அங்கிருந்தே அல்மாவை நிறுவினார், மற்றொன்றில் இவள் டெபியனை நிறுவினாள். பழைய பக்கம் ஊருக்காக ஓடிக்கொண்டிருக்க, பரமசிவன் அனுப்புகிற செய்திகளை இந்த இரண்டிலும் சேர்த்தே ஏற்றினாள்.

சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்து ஐந்தருவியில் தண்ணீர் விழுந்தது. அந்த வாரத்தில் லாட்ஜுக்குத் துண்டு எடுக்கக் கடையநல்லூர் போன நான், அப்படியே அதீபா வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று நம் நேரம், மற்றது இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் சவூதி நேரம். புருஷன் அங்கே இருக்கிற வீடுகளில் எப்போது போன் பண்ணலாம் என்று பார்க்க இப்படி மாட்டியிருப்பார்கள்.

அன்றைக்குப் பரமசிவன் காலையில் ஒரு செய்தி அனுப்பியதோடு இலத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் போனபோது மதியம் ஆகப் போகிறது. அதீபா மூன்று பக்கங்களையும் திறந்து வைத்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பழைய பக்கம் தெரியாது என்றது. டெபியனும் தெரியாது என்றது. சலீம் நிறுவியது மட்டும் ‘ஐந்தருவி, குளிக்கலாம்’ என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

“காலையில ஒம்போது மணிக்குப் பாத்தது அக்கா. இன்னும் குளிக்கலாம்னு சொல்லுது” என்றாள்.

எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். அந்த இரண்டு கடிகாரங்களையும் பார்த்தாள். “அல்லாவே” என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சலீம் அந்த சர்வருக்குச் சவூதி நேரத்தை வைத்திருந்தார். வேண்டுமென்று வைக்கவில்லை. வருடக்கணக்காக எந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் அவர் கை தானாக நேரத்துக்கு ரியாத் என்றுதான் அமுக்கும். இங்கே ஒன்பது என்றால் அங்கே ஆறரை. ஆகவே பரமசிவன் ஒன்பது மணிக்குப் பார்த்ததை அந்த சர்வர் இன்னும் நடக்காத சமாச்சாரமாக எடுத்துக்கொண்டது. பத்து மணிக்கே அழிய வேண்டிய பச்சை, பன்னிரண்டரை வரைக்கும் அழியாமல் நின்றது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் ஓடுகிற குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு தப்பு நேரும்?

உடனே சலீமை வீடியோவில் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சலீமுக்கு முதலில் சிரிப்பு வந்தது.

“இது அல்மா தப்பில்லையே பிள்ள. நான் வச்ச நேரம் தப்பு. ஒரு நிமிஷத்துல மாத்திரலாம்.”

“மாத்திரலாம் மச்சான். அல்மா மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நாளைக்கு இன்னொண்ணு இப்படி வந்தா? நீங்க டியூட்டியில இருப்பீங்க. மழை இங்கனல்லா பெய்யுது. இங்கன இருக்கவ கைக்குப் பழகுனதே இருக்கட்டும்.”

“நான் அங்க பெரிய பெரிய சர்வரையே பாக்குதேன். நீ லேப்டாப்ல விளையாடுனதை வச்சுப் பேசுதே.”

“விளையாடித்தான் கத்துக்கிட்டேன். விழுந்தா எங்கன பிடிச்சுத் தூக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப படுத்துச்சுன்னா என்னைக் கேக்காதே. சங்கத்துக்காரங்க கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துருவாங்க, பாத்துக்க.”

“கேக்க மாட்டேன்” என்றாள். சத்தத்தை உயர்த்தவே இல்லை. நானாக இருந்தால் அந்தப் போன் சுவரில் மோதி நொறுங்கியிருக்கும். சண்டையில் ஜெயிக்கிற நாக்கு எனக்கு உண்டு. சண்டையே போடாமல் தன் முடிவில் நிற்கிற தைரியம் அவளிடம்தான் பார்த்தேன். அன்றைக்கே எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. வைகாசி முடிவதற்குள் டெபியனுக்கு மாறினாள். ஊரில் ஒருவருக்கும் மாறியது தெரியவில்லை.

ஆடியில் சலீம் லீவில் வந்தார். மனத்தாங்கல் முழுசாகத் தீரவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் இரண்டு பிள்ளைகளையும் அக்கா குடும்பத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு என் லாட்ஜுக்கு வந்தார். துணி மாற்றி எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவதாகத் திட்டம். சீசனில் ஞாயிறன்று அதீபா வீட்டை விட்டு நகர மாட்டாள். சலீமிடம் இருந்தது சவூதி நம்பர், என் லாட்ஜ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். வேன் கிளம்பிவிட்டால் அவள் இவரைப் பிடிக்க முடியாது. கையில் கட்டியிருந்த கடிகாரம் லீவிலும் சவூதி நேரம்தான் காட்டியது.

வந்தபோது பக்கத்தில் ஐந்தருவி பச்சையாக இருந்தது. எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். சலீம் படியில் கால் வைக்கும் முன் ஒரு தடவை போனைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“இறங்குங்க. தெரியாதுன்னு மாறிட்டு.”

வேன் டிரைவர் எரிச்சலானார். “இப்பந்தானே அண்ணே ரெண்டு பஸ் போச்சு. தண்ணி சூப்பரா விழுதாம்.” பிள்ளைகள் கத்தின. எனக்கும் மனசு கேட்கவில்லை. “அதீபாட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றேன்.

“கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவா. தெரிஞ்சா பக்கத்துல போட்டிருப்பாளே” என்றார் சலீம். “அவ தெரியாதுன்னா போகக் கூடாது.”

பிள்ளைகள் முனகிக்கொண்டே இறங்கின. நான் காப்பி போடச் சொன்னேன். காப்பி வருவதற்குள் பக்கத்தில் ஐந்தருவி சிவப்பாக மாறியது. ‘வெள்ளம். யாரும் போகாதீர்கள்.’

மலைக்கு மேலே எங்கோ கொட்டிய மழை ஐந்தருவியில் ஒரேயடியாக இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் கரண்டும் டவரும் அதற்கு முன்பே போய்விட்டன. பரமசிவன் போலீஸ்காரர்களோடு சேர்ந்து குளித்துக்கொண்டிருந்தவர்களைக் கரையேற்றிவிட்டு, தன் கடைப் பாத்திரங்கள் மிதந்து போவதைக்கூடப் பார்க்காமல், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிவந்து செய்தி அனுப்பியிருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் சவூதி நேரத்தில் ஓடுகிற பக்கமாக இருந்திருந்தால் அந்தப் பச்சை அழிந்திருக்காது, அந்த வேனும் நின்றிருக்காது.

அப்புறம்தான் சலீமின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அதீபா.

“மச்சான், எங்கன இருக்கீங்க?”

“வள்ளியக்கா லாட்ஜ்லதான். தெரியாதுன்னு போட்டிருந்தே. போகல.”

அந்தப் பக்கம் ஓர் அழுகை வெடித்தது. அவள் அழுது நான் கேட்டது அது ஒரு தடவைதான். சலீம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி, திருகை இழுத்து, நம் ஊர் நேரத்துக்கு முள்ளைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு தங்கசாமி அண்ணாச்சி கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. அவர் லாட்ஜ் வரவேற்பறையில் இன்றும் அதீபா பக்கம்தான் டிவியில் ஓடுகிறது.

எனக்கு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. வெள்ளம் என்று செய்தி வந்த நேரத்தில் அவளுக்குத் தன் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. நானாக இருந்தால் முதலில் போனைத்தான் எடுத்திருப்பேன். அவள் முதலில் பக்கத்தை மாற்றினாள், அதன் பிறகுதான் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.