ஸ்டவுட்டுக்கு மட்டும் சொன்ன உண்மை

போன வருடம் அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டிருந்தோம். நான், என் மனைவி, சிறுசேரியில் வேலை பார்க்கும் அவள் தம்பி. மூன்றே பேர்.

மனைவி பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆர்டர் எடுத்து பிளம் கேக் செய்வாள். அந்த மே மாதம் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு நாக்கில் தெரியும். அதற்கு மேல் எதுவும் கிடையாது. மெல்லத் திரும்பும் என்றார் தாம்பரத்து டாக்டர். ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை.

அன்று அவள் கேக்குக்கான உலர்பழங்களை நறுக்கி, ரம்மில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலையாக வெளிநாடு போய்வந்த தம்பி ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தான். ஸ்டவுட். கருக வறுத்த பார்லியில் காய்ச்சும் கறுப்பு பீர். சாக்லேட், வெனிலா, தேங்காய் சேர்த்து, கேக் சாப்பிடுவது போல இருக்க வேண்டும் என்றே செய்ததாக லேபிளில் இருந்தது. போதை சாதா பீரைவிட இரண்டு மடங்கு.

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"உன் ஜாடியில இருக்கறது என்னக்கா, ரோஸ் மில்க்கா? கேக்குல போனா பலகாரம், கிளாஸ்ல போனா பாவமா?" என்றான் தம்பி.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். முதல் டிகாஷன் நிறம். மேலே பழுப்பு நுரை. மனைவி டம்ளரை எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"ஒண்ணும் வரல. நீங்க குடிச்சிட்டு சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும்."

முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவன் நான். விடுவேனா? காப்பிக்கொட்டை அரைக்கும் கடை வாசலில் வருகிற மணம் முதலில். நாக்கில் பட்டதும் பதம் சற்றே தாண்டிய கருப்பட்டிப் பாகு. பிறகு இனிப்பில்லாத கோகோ, ஓரம் சிவந்த தேங்காய் பர்பி. விழுங்கிய பின் ஒரு கசப்பு. அதற்கும் பின்னால் நெஞ்சில் மெதுவான சூடு. நான் குடித்ததிலேயே நல்ல பீர் அதுதான். "வெனிலா மட்டும் ரெண்டு சொட்டு கூட" என்று முடித்தேன்.

"மாமா, லேபிள நீங்களே எழுதியிருக்கலாம்" என்றான் தம்பி.

மனைவி சிரிக்கவில்லை. "யாரோ காய்ச்சின பீருக்கு இவ்வளவு சொல்றீங்க. என் சமையலுக்கு அஞ்சு மாசமா 'நல்லா இருக்கு' மட்டும்தானே சொல்றீங்க, ஏன்?"

அவள் எழுந்து போய், அன்றைய மீன் குழம்பைக் கரண்டியில் கொண்டுவந்து நீட்டினாள். "இத சொல்லுங்க."

"வெந்தயம் கருகியிருக்கு."

"இன்னைக்கு மட்டுமா?"

"நாலஞ்சு தடவை."

"ஆகஸ்ட்ல எங்க ஸ்கூல் டீச்சர் வீட்டுக்குக் குடுத்த கேக்?"

"வெண்ணெயில சிக்கு வாடை."

அவள் உட்கார்ந்துவிட்டாள். குரல் உயரவில்லை. "உங்க பேச்ச நம்பித்தான் இந்த வருஷமும் ஆர்டர் எடுத்திருக்கேன்."

நோய்வாய்ப்பட்டவளை நோகடிக்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் ஊருக்கே பரிமாறியிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தம்பி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எடுத்த ஆர்டர்களை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். "மூக்கு உங்களோடது, கை என்னோடது. ஒரு பொய் சொன்னீங்க, அடுப்ப அணைச்சிடுவேன்."

நவம்பரில் சோதனைக்குச் செய்த முதல் மூன்று கேக்குகள் தேறவில்லை. கிராம்பு முந்துகிறது, ஆரஞ்சுத் தோல் கசக்கிறது, அடி கருகல் நடுவரை ஏறிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் வாடியது. ஒவ்வொரு தடவையும் மறுபடி மாவைச் சலித்தாள். நான்காவதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டிசம்பரில் எல்லா ஆர்டரும் போனது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு அம்மா இன்னொன்று கேட்டு போன் செய்தார்.

அவளுக்கு வாசனை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இப்போதெல்லாம் கரண்டியை நீட்டிவிட்டு அவள் என் முகத்தையே பார்த்து நிற்கும்போது, ஒவ்வொரு ருசியாகப் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்ல நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு நான் தருகிற மரியாதை என்று படுகிறது.