இரண்டாம் மாடி க்யூப்

எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியின் கான்கிரீட் லேபில் பாடம் நடத்தும் மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் முரட்டு முகம். நேரில் பார்த்தால் சாதுவான முகம்தான். அவர் ஓயாமல் சொன்ன ஒரே வாக்கியத்தால் வந்த பெயர் அது: "முரட்டு முகம் பக்கவாட்டுல இருக்கட்டும்."

சிவில் மூன்றாம் ஆண்டில் ஒரு பிராக்டிகல் உண்டு. இரும்பு அச்சில் கான்கிரீட்டை வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு அந்தக் க்யூபை மெஷினில் வைத்து நசுக்க வேண்டும். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்பதிலிருந்து அதன் பலத்தைக் கணக்கிடுவார்கள். அச்சில் படிந்த ஐந்து பக்கமும் வழுவழுவென்று இருக்கும். கரண்டியால் தேய்த்துவிட்ட மேல்பக்கம் மட்டும் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பக்கத்தை மேலே வைத்து நசுக்கினால் நல்ல க்யூப்கூடச் சீக்கிரம் உடைந்து நம்மை ஏமாற்றிவிடும். இதை ஒரு தடவை சொன்னால் போதும். மேடம் நாற்பது தடவை சொல்வார்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பதினாறு வருஷம் அவரோடு ஒரே கூரையின் கீழ் சிமென்ட் தூசி தின்றவன். அவருக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்கிறது என்று கேன்டீனில் பேசித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். சும்மா பேசவில்லை. மாலையில் கல்லூரி விட்டதும் நாங்கள் பஸ்ஸுக்கு ஓடுவோம். அவர் மாணவியர் விடுதிக்குப் போவார். தூணில் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நிற்பார். இடி இடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, விடுதி நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல ரெக்கார்டு நோட்டு திருத்துவார். வீட்டுக்காரருக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்துக் கூப்பிட்டபோதும் அவர் அசையவில்லை. வாரக் கடைசியில் அந்த மனிதர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து போனார்.

இந்த வருஷம் என் மகளுக்கு எங்கள் கல்லூரியிலேயே சிவிலில் இடம் கிடைத்தது. வீடு தூரம் என்பதால் விடுதியில் சேர்த்தேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில் லேபுக்கு வந்து சொன்னேன்.

"ரெண்டாவது மாடி, மேடம். நல்ல காத்தோட்டமான ரூம்."

அவர் முகம் வெளிறிப் போனது. "அங்க வேண்டாம், அண்ணா."

"ஏன், வார்டன் சரியில்லையா?"

"கட்டடம் சரியில்லாம இருக்கலாம். அதுக்கு ரீடிங் எழுதினது நான்தான்."

அன்றைக்குத்தான் எல்லாம் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் இதே லேபில் மூன்றாம் ஆண்டு மாணவி. விடுதி கட்டிக்கொண்டிருந்த நேரம். கட்டட வேலையிலிருந்து வந்த க்யூப்களையே அப்போதைய பேராசிரியர் பிராக்டிகலுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாம் மாடித் தூண்களுக்கான க்யூப் இவர் கைக்கு வந்தது. இருபது வரவேண்டிய பலம் பன்னிரண்டுதான் வந்தது. பக்கத்து மேஜைகளில் வேறு மாடிகளின் க்யூப்கள் இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் காட்டின.

"நம்ம பிராக்டிகல்ல விடை என்னன்னு முன்னாடியே தெரியும் இல்லையா, அண்ணா. அது வரலைன்னா தப்பு நம்ம மேலதான்னு நினைச்சுப்போம். முரட்டு முகத்தை மேல வெச்சுட்டேன்னு நினைச்சேன். பாக்கறதுக்கு க்யூப் எங்க, தூளாயிடுச்சு. ரப்பரால அழிச்சுட்டு இருபத்திமூணுன்னு எழுதினேன். பத்துக்குப் பத்து மார்க்."

நோட்டோடு முடிந்தது என்று நினைத்திருந்தார். மறுவருஷம் புராஜெக்டுக்காக விடுதியின் ஃபைலைப் புரட்டியபோது, கல்லூரி முத்திரையோடு அந்த இருபத்துமூன்று அதில் இருந்தது. பெண்கள் அதற்குள் குடிவந்துவிட்டார்கள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"பயந்துட்டேன். தூண்ல துளை போட்டு, துண்டு எடுத்து நசுக்கினாத்தான் தெரியும். ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல? க்யூபைத் தப்பா வெச்சிருந்தா கட்டடத்துக்கு ஒண்ணுமில்ல. சரியா வெச்சிருந்தா தூணே பலமில்ல. எப்படி வெச்சேன்னு தினமும் நினைச்சுப் பாக்கறேன். ஒரு நாள் முரட்டு முகம் மேல இருக்கு. ஒரு நாள் பக்கவாட்டுல இருக்கு."

நான் அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேரே வார்டனிடம் போய், மகளுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்று புளுகி, அவளை அந்த விடுதிக்கு முன்னாலேயே கட்டிய பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். கூடைப்பந்து ஆடுகிற பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறதாம். திரும்பி வந்து மேடத்திடம், "இவ்வளவு வருஷம் நின்னது இனிமேலும் நிக்கும், விட்டுத்தள்ளுங்க. வேலை போயிடும்" என்றேன்.

விட்டுத்தள்ள என்னாலேயே முடியவில்லை. மகள் தினமும் படிப்பதற்கு இரண்டாம் மாடித் தோழிகளிடம்தான் போனாள். போகாதே என்றால் ஏன் என்பாள். சாப்பிடும்போதும் அந்த மாடி என் தலைமேல் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மாலையில், ஏனென்று தெரியாமலே விடுதிக்குப் போய்த் தூணில் கையை வைத்தேன். மறுபக்கம் மேடம் நின்றிருந்தார்.

"உங்க பொண்ணை மாத்திட்டீங்க, அண்ணா," என்றார். குரலில் கோபமே இல்லை. "மத்த பொண்ணுங்களோட அப்பாக்களுக்கு யாரு சொல்றது?"

மறுநாள் காலையில் அவர் முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதில் தன் பெயரைத் தவிர வேறு யார் பெயரும் இல்லை.

விடுதி முழுவதையும் காலி செய்தார்கள். மேடத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வெளியிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டாம் மாடித் தூண்களில் துளைபோட்டு உருளை உருளையாக எடுத்து, எங்கள் மெஷினிலேயே நசுக்கினார். மேடத்துக்கு உள்ளே அனுமதி இல்லை. நான் லேபை ஒட்டிய ஸ்டோர் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதன் வாசற்படியில் நின்று பார்த்தார்.

மெஷினின் முள் ஏறி, பாதி வழியில் நின்றது. உருளை நொறுங்கியது. இன்ஜினியர் கணக்குப் போட்டு, "பதிமூணு" என்றார். கான்கிரீட் வயதாக ஆகக் கொஞ்சம் இறுகும். பழைய பன்னிரண்டுக்கு மேல் அந்த ஒன்று அப்படி ஏறியது. அடுத்த இரண்டு உருளைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான் காட்டின. உடனே முட்டுக்கொடுக்க ஆளனுப்பச் சொல்லி முதல்வர் போனை எடுத்தார். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மகளின் முகம். பிறகுதான் மற்றப் பெண்கள். அதற்கும் வெட்கப்பட்டேன்.

மேடம் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கவாட்டுலதான் இருந்திருக்கு, அண்ணா," என்றார். "நான் சரியாத்தான் வெச்சிருக்கேன்."