மலையாண்டி செய்த நண்டு

எங்கள் ஊர்க் கரையில் ஐஸ் உடைப்பவர் மலையாண்டி. மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில், அவர் உடைத்த ஐஸ் ஏறாமல் எந்தப் படகும் கடலுக்குப் போகாது. ஆனால் அவர் ஏறிய படகு ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் மனைவியின் அண்ணன் ஆண்டிச்சாமியோடு போனார். அரை மணி நேரத்தில் அவர் எடுத்த வாந்தியைப் பார்த்து, வலையே போடாமல் திரும்பி வந்துவிட்டார்கள். "மாப்ள கடலுக்குப் போனா கடலுக்கே மசக்கை வந்துரும்" என்று ஆண்டிச்சாமி அன்றைக்குச் சொன்னதை, இருபத்தேழு வருடமாக ஊர் சொல்லிச் சிரிக்கிறது. அப்படிச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நானும் சிரித்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

பிறந்தது மேற்கே விராலிமலை. திலகவதியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ரேஷன் கார்டு, ஓட்டு, இரண்டு பிள்ளைகள் எல்லாம் இந்த ஊரில்தான். இருந்தும் அவர் 'மேக்கத்தி ஆளு'. புயல் நாளில் படகுகளைக் கரைக்கு இழுக்க ஆள் குறைந்தால் மட்டும் ஊர்க்காரர்.

போன மாசியில், ஆஸ்திரேலியாவில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் சிவரஞ்சனி லீவில் வந்து கூட்டம் போட்டாள். அங்கே ஒரு கடற்கரையில், அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மரியாதை செய்வதற்காக ஊர்க்காரர்களே சிலை செய்து கண்காட்சி வைக்கிறார்களாம்.

"அவங்க, இந்த நெலம் எங்களுக்குச் சொந்தம்னு மட்டும் சொல்றதில்லைங்க. நாங்க இந்த நெலத்துக்குச் சொந்தம்னு சொல்றாங்க" என்றாள்.

கூட்டத்துக்குப் பிடித்துப்போயிற்று. நம் கரையிலும் வைப்போம் என்று முடிவாகி, ஆண்டிச்சாமி தலைவரானார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. விதி இரண்டுதான். செய்கிறவர் கரைக்காரராக இருக்க வேண்டும், செய்வது கடல் உயிராக இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக மலையாண்டி கடைக்கு வந்தார். பெயர் எழுதினார். சிற்பம் என்ற இடத்தில் 'நண்டு' என்று எழுதினார். ஊர் என்ற இடத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"ஊரு எழுதலையேங்க?"

"வெராலிமலைன்னு எழுதுனா சேக்க மாட்டாக. இந்த ஊருன்னு எழுதுனா சிரிப்பாக. நண்டச் செஞ்சு வச்சதுக்கப்பறம் எழுதிக்கலாம்ங்க. நண்டப் பாத்து எவனும் எந்த ஊருன்னு கேக்க மாட்டான்ல."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஃபாரத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐஸ் பிளான்ட்டுக்குப் பின்னால் வேலை தொடங்கியது. உடைந்த ஃபைபர் படகின் துண்டுகள், கிழிந்த பச்சை வலை, ஒரு சாக்கு கிளிஞ்சல். முதல் வாரம் போய்ப் பார்த்தேன். நண்டுக்குக் கழுத்து முளைத்திருந்தது.

"நண்டுக்குக் கழுத்தாங்க?"

"அது தானா நீண்டுருச்சு. அறுத்துருவோம்."

அறுத்தார். இரண்டாம் வாரம் நண்டு வேண்டாம், இறால் போதும் என்று மாற்றினார். இறாலின் தலையில் கொண்டை வந்தது, வால் விரிந்தது. மூன்றாம் வாரம் மறைக்க வழியே இல்லை. பச்சை வலைத் தோகையில் கிளிஞ்சல் கண்கள் மின்ன, இரண்டு காலில் ஒரு மயில் நின்றது.

மலையாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "சின்னப் புள்ளையில களத்து நெல்லத் திங்க வர்ற மயில வெரட்டுறதுதாங்க எனக்கு வேல. கண்ண மூடிக்கிட்டு செஞ்சாலும் கை அதத்தான் செய்யுது."

"நல்லா அழகா இருக்குங்க."

"அழகா இருந்து என்ன செய்ய, மயிலால்ல இருக்கு."

கண்காட்சி நாள் வந்தது. டயரில் ஆமை, டீசல் கேனில் டால்பின் என்று மணலெல்லாம் உருவங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும், ஃபாரத்தில் இருந்தபடியே நான் எழுதிய அட்டை. ஆண்டிச்சாமி தன் பங்குக்கு ஒரு துருப்பிடித்த நங்கூரத்தைக் கொண்டுவந்து சாய்த்து வைத்து, சிற்பம் என்றார். நங்கூரம் எப்போது கடல் உயிரானது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மயிலிடம் வந்து நின்றார். கூட்டமும் வந்து நின்றது.

"மாப்ள, அட்டையில நண்டுன்னு போட்டிருக்கு."

"ஆமா மச்சான்."

"கடல்ல ஏது மயிலு? தூக்கி அங்கிட்டு வைங்கய்யா."

இரண்டு பேர் தோகையில் கை வைத்துவிட்டார்கள். மீன் விற்றுக்கொண்டிருந்த திலகவதி கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணே, தை மாசம் ஒங்க வலையில ஆள் ஒசரத்துக்கு ஒரு மீனு வந்துச்சே, முதுகுல தோகைய விரிச்சுக்கிட்டு. நாந்தான வெட்டி வித்தேன். அதுக்குப் பேரு என்ன?"

ஆண்டிச்சாமி மணலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கரையில் பிறந்த எவருக்கும் தெரிந்த பெயர் அது.

"மயில் மீனு" என்றார்.

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை மலையாண்டியைப் பார்த்து அல்ல. ஆனால் ஆண்டிச்சாமி லேசில் விடுகிறவரா? மயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சரி, மயில் மீனுக்கு ஏது காலு?"

மலையாண்டிதான் மெதுவாகச் சொன்னார்.

"இது என்னய மாதிரி, மச்சான். கடலுக்குப் போகாது. கரையிலேயே நிக்கும்."

ஆண்டிச்சாமி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"ஏன்யா, ஊருன்னு போட்டு வெறுமனே விட்டிருக்க? நம்ம ஊரு பேரு ஒனக்கு எழுதத் தெரியாதா?"

நண்டை அடித்து மயில் மீன் என்று மாற்றினேன். கீழே ஊர்ப் பெயரை எழுதினேன். எத்தனையோ ஆயிரம் தடவை எழுதிய பெயர்தான், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக.

மலையாண்டி அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஊரு பேர மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா எழுதிக் குடுங்க. படகுல வர்றவுகளுக்கும் தெரியணும்ல."

அவ்வளவு பெரிய எழுத்துக்கு அட்டையில் இடமில்லை. பலகை தேடிப் போனேன்.