ஒரு முழ இடைவெளி

பள்ளிக்கூட மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூடைப்பந்து பழக்கும் ரீச்சர் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கத்தினார்: "அவள் உனக்காக மறிச்சு நிக்கிறாளெல்லோ? அவளின்ரை தோளை உரசிக்கொண்டு ஓடு! நடுவிலை காத்தும் போகக்கூடாது."

என் கை நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் மாஸ்டரும் இதையேதான் சொன்னார். என் அணியில் விளையாடிய ரவி எதிராளியை மறித்து நிற்பான். நான் பந்தோடு அவன் தோளை உரசி ஓடிக் கூடைக்குள் போட வேண்டும். பழகும்போது அவனுடைய வியர்வை என் சட்டையில் ஒட்டும். ஒருநாளும் பிசகியதில்லை.

போட்டியன்று வேலிக்கு அப்பால் பெரியப்பா சைக்கிளில் காலூன்றி நின்றார். ரவியின் தகப்பன் கள் இறக்குபவர். "உவங்களோடை முட்டுப்படாதை" என்று பெரியப்பா வீட்டில் சொல்லியிருந்தார். ரவி மறித்து நின்றான். நான் ஒரு முழம் விலகி ஓடினேன். அந்த இடைவெளியால் எதிராளி புகுந்து பந்தைப் பறித்தான். தோற்றோம்.

"என்ரை தோளிலை என்னடா, முள்ளோ?" என்று ரவி சிரித்தபடி கேட்டான். பிறகு வேலிப் பக்கம் பார்த்தான். சிரிப்பு நின்றது. நான் நிலத்தைப் பார்த்தேன். அதன்பிறகு அவன் என்னோடு விளையாட வரவேயில்லை.

"அப்பிடித்தான் பிள்ளை!" என்று ரீச்சர் கைதட்டினார். நான் திரும்பிப் பார்க்காமல், அடித்த இடத்திலேயே மறுபடியும் வெள்ளை அடித்தேன்.