எல்லம்மாவும் லத்தீன் வேரும்

எல்லம்மாவோடு ரயிலில் போவதற்குப் பதில் நடந்தே பெங்களூர் போய்விடலாம். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறியதும் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுப்பாள். இங்கிலீஷ் சொற்களின் லத்தீன் வேர்கள். பிளாட்பாரத்தில் வாங்கியது, அட்டை கிடையாது.

பெங்களூரில் ஓர் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிறவள் அவள். சூப்பர்வைசர் ஆகியே தீருவேன் என்று பிடிவாதம். சூப்பர்வைசருக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும், எங்களோடு சாயங்கால ரயிலில் உட்கார்ந்து வரலாம். மற்றவர்களுக்கு ஏழு மணி. பிந்திய வண்டியில் பங்காருபேட்டை வரை நின்று, அங்கிருந்து பஸ்ஸிலும் நின்று, பத்து வருடமாக அவள் கால் வீங்கிக் கிடக்கிறது. அந்த வேலைக்கு இங்கிலீஷில் இண்டர்வியூ வைப்பார்களாம்.

அவள் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் லத்தீனையும் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டாள்.

“சப்புன்னா கீழ் லெவல், சூப்பர்னா மேல் லெவல். இன்னுன்னா சுரங்க லிப்ட்டு இருக்கே, அந்த கேஜ்ல உள்ள போறது, எக்ஸுன்னா வெளிய வர்றது. போர்ட்டுன்னா சுமக்கறது. அவ்ளோதான் ஷோபா, இங்கிலீஷு.”

ஒருநாள், “கம்முன்னா கூட, பார்ட்டுன்னா பங்கு. கம்பார்ட்மெண்ட்ல குந்திக்கினு தனியா துன்னா தப்பு” என்று என் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துக்கொண்டாள். லத்தீன் செத்துப்போன மொழி என்கிறார்கள். என் இட்லியைத் தின்னும் அளவுக்கு அதற்கு உயிர் இருந்தது.

இண்டர்வியூ அன்று சீக்கிரம் விட்டுவிட்டதால் சாயங்கால வண்டிக்கே வந்தாள்.

“எதுனா ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுன்னாங்க. கம்பெனின்னேன். கம்முன்னா கூட, பானிஸ்னா ரொட்டி. கூட குந்தி ரொட்டி துன்றவங்கதான் கம்பெனி. நாங்க ஏழு பேரு பத்து வருஷமா மாடிப்படிக்கு கீழ துன்றோம், அப்ப நாங்க இன்னா சார்னு கேட்டேன்.”

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“அதுக்கு இன்னா சொன்னாங்க?”

“முடிவு போஸ்ட்போனாம். போஸ்ட்டுன்னா பின்னால, போனுன்னா வெக்கறது. பின்னால வெச்சிருக்காங்க. தூக்கிப் போடல.”

மறுநாளிலிருந்து சாயங்கால வண்டியில் என் பக்கத்து இடத்தில் துப்பட்டாவைப் போட்டு வைத்தேன். எனக்கே ஏன் என்று தெரியவில்லை. “யாருக்குமா?” என்று தினமும் யாராவது சண்டைக்கு வருவார்கள். “வர்றாங்க” என்பேன். பதினோரு நாள் யாரும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் எல்லம்மா வந்தாள். துப்பட்டாவை மடித்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“கெடச்சுதா?”

“ம். காலையில ஆர்டர் குடுத்தாங்க. மத்தியானம் ஆபீசருங்க சாப்பிடற ரூம்ல என்னையும் குந்தச் சொன்னாங்க. நான் போயி கீழ் லெவல்ல இருந்த ஆறு பேரையும் மேல ஏத்திக் கூட்டியாந்துட்டேன்.”

“சபாஷ். ஆபீசருங்க?”

“அவங்க அவங்க டப்பாவை மூடித் தூக்கிக்கினு வெளிய போயிட்டாங்க. எக்ஸு. போர்ட்டு.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் டப்பாவில் ஒரு வடை மிச்சமிருந்தது. அவள் கை நீட்டுவதற்குள் நானே பாதியைப் பிட்டுக் கொடுத்தேன்.

“நாளைக்கும் ஏத்துவியா?”

“பின்ன? ரீன்னா மறுபடியும்” என்று மிச்சப் பாதியையும் எடுத்துக்கொண்டாள்.