கடைசி வாசலின் நிறைகுடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை எங்கள் சனசமூக நிலைய ஆண்டுவிழா ஊர்வலத்துக்குப் பொறுப்பாகப் போட்டதற்கு ஒரே காரணம் என் பயம்தான்.

"பிள்ளை, நடக்கக்கூடிய பிழையெல்லாம் உனக்குத்தான் முதலே தெரியும். நீயே பார்" என்றார் தலைவர். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

மழை வந்தால்? லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் கட்டிய அலங்காரச் சோடனை கறண்ட் வயரில் முட்டினால்? இவற்றைவிடப் பெரிய பயம், வீட்டு வாசல் படலைகளில் ஒருவருமே வந்து நிற்காவிட்டால் என்பது. முன்பள்ளிப் பிள்ளைகள் வெங்காயமும் கத்தரிக்காயும் மிளகாயுமாக வேடம் போட்டு வருகிறார்கள். வெறும் மதிலைப் பார்த்துக்கொண்டா நடப்பார்கள்? அதனால் வீடு வீடாகப் போய், "வாசலிலை ஒரு நிறைகுடம் வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஊரில் நிறைகுடம் கண்ணில் பட்டால் ஊர்வலம் அந்த வாசலில் நிற்கவேண்டும். மேளம் கொஞ்சம் வாசிக்கும், சந்தனம் தொட்டுக்கொள்வோம், பிறகு நகர்வோம். நிற்காமல் போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். எங்கள் வீட்டு அடுத்த கலியாணத்துக்கு வராமல் விடுவார்கள்.

வேட உடுப்பெல்லாம் தைத்தவள் என் மச்சாள், என் கணவரின் தங்கை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு இருந்தபடி கைமெஷினில் தைத்துத் தந்தாள். அவள் வீடு மறுபக்கம் வழியில்லாத ஒரு முட்டு ஒழுங்கையின் கடைசியில். ஊர்வலம் அந்தப் பக்கம் போகாது.

"வீடியோ எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

"ஓமோம். நீங்கள் எடுத்தால் வானந்தான் தெரியும் மச்சாள்" என்று சிரித்தாள். முகம் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மழையும் இல்லை, வயரிலும் முட்டவில்லை. பாதித் தூரம் போயிருப்போம். முன்னால் போயிருந்த இவர் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார்.

"இஞ்சேருமப்பா, தங்கச்சியின்ரை வாசலிலையும் நிறைகுடம்."

"ஆர் வைக்கச் சொன்னது?"

"நீர்தானே ஊரெல்லாம் சொன்னனீர்!"

ஒழுங்கை முகப்பில் எட்டிப் பார்த்தேன். கடைசியில் குடம், பக்கத்தில் கதிரை, கதிரையில் அவள். கட்டுப்போட்ட கால் ஒரு முக்காலியின் மேலே.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பிரதம விருந்தினர் மைதானத்திலை காத்துக்கொண்டு நிக்கிறார். லான்ட்மாஸ்டர் உதுக்குள்ளை போனால் திரும்பாது பிள்ளை."

"அது இதிலை நிக்கட்டும் ஐயா. நாங்கள் நடந்து போவம்."

"போய்?"

"போய்... வருவம்."

எப்படி வருவோம் என்று நான் யோசிக்கவேயில்லை. அதற்குள் மேளக்காரர் குடத்தைக் கண்டு உள்ளே திரும்பிவிட்டார்கள். பின்னால் தலைவர், பெரியவர்கள், கடைசியாகப் பிள்ளைகள். ஒழுங்கை நிறைந்துவிட்டது.

மச்சாள் தலைவரைப் பார்க்கவேயில்லை. "உந்தக் காய்கறியளை முன்னுக்கு விடுங்கோ" என்றாள். பிள்ளைகள் பெரியவர்களின் இடுக்கால் நுழைந்து வந்தார்கள்.

"கத்தரிக்காய், இஞ்சை வா. காம்பு சரிஞ்சு போச்சு." மடியில் ஊசிநூல் தயாராக இருந்தது. அவள் காம்பைத் தைத்து முடிக்கும்வரை தவில் ஓயவில்லை, தலைவர் வியர்வையைத் துடைத்து முடிக்கவுமில்லை. ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து, பின்னுக்கு அனுப்பினாள். இப்போது முகமும் சிரித்தது.

இனி முன்னால் போக வழியில்லை. "எல்லாரும் நிண்ட நிலையிலை அப்பிடியே திரும்புங்கோ!" என்று கத்தினேன். வால் தலையாகிவிட்டது. வெங்காயங்கள் முன்னே ஓட, தலைவர் நடுவில், மேளம் அவருக்கும் பின்னால். அதே வரிசையில் மைதானத்துக்கும் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் வருபவருக்கு மாலை போடுங்கள் என்று பிரதம விருந்தினருக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவரும் குனிந்து, முதலில் வந்த சின்ன வெங்காயத்துக்குப் போட்டார். மாலை பாதம் வரை தொங்கியது. பாரம் தாங்காமல் வெங்காயம் நிலத்தில் குந்திவிட்டது.

"பிள்ளை, இந்தப் பிழை உனக்கு முதலே தெரியேல்லையோ?" என்றார் தலைவர், வெறும் கழுத்தைத் தடவியபடி.

போன் அடித்தது. மச்சாள்.

"என்ரை வெங்காயத்துக்கோ மாலை விழுந்தது?"

"ஓம். உமக்கு அதுக்குள்ளை ஆர் சொன்னது?"

"அதை விடுங்கோ. அதுக்குத் தோள்மூட்டு இன்னும் இறுக்கித் தைக்கேல்லை, நூலோட்டத்திலைதான் நிக்குது. மாலையை இழுத்துக் கழட்டினால் கிழிஞ்சுபோம், ஓடுங்கோ!"

நான் ஓடினேன்.